அரைத் தட்டு தாமதம்

அத்தியாயம் 7

"குரலை மட்டும் தனியாப் போடுங்க," என்றாள் ரோண்டா கோஸ்கி.

அவளுடைய உதவியாள் மார்வ் கண்ணை மூடிக்கொண்டான். காரில் வந்த இருபது மைலும் அவன் படித்துப் படித்துச் சொன்னது இந்த ஒன்றைத்தான். "பாஸ், வீட்டுல உக்காந்து பாட்டு ரெக்கார்டு பண்றவன்கிட்ட என்ன வேணா கேளுங்க. எடை கேளுங்க, கடைசியா எப்பக் குளிச்சேன்னு கேளுங்க. ஆனா குரலை மட்டும் உருவித் தனியாப் போட்டுக் காட்டுன்னு கேட்டுடாதீங்க. நான் பதினோரு பேண்டுல ட்ரம்ஸ் அடிச்சவன். அதுல நாலு பேண்டு உடைஞ்சது இந்த ஒரு கேள்வியாலதான்."

கேட்காதே என்று யாராவது சொன்னால் அதைத்தான் ரோண்டா முதலில் கேட்பாள். அந்தக் குணத்தால்தான் கோஸ்கி குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிப் பட்டத்தோடு இறங்கினாள். அதே குணத்தால் இருபத்தாறு வயதுக்குள் மூன்று வேலையிலிருந்து துரத்தப்பட்டாள். இப்போது பௌலிங் கூடத்து மாடியில் ஒற்றை அறைத் துப்பறியும் நிலையம். தலைக்கு மேல் கூரை ஒழுகும், காலுக்குக் கீழே நாள் முழுக்கப் பந்து உருளும்.

"குரலையா?" என்றான் கென் ரான்டா.

"ஆமா."

"தனியாவா?"

"வேற எப்படி?"

கென் ஸ்கூல் பஸ் ஓட்டுபவன். அறுபது குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் முகம் மாறாத மனிதன். அவன் முகம் இப்போது, கோவணத்தோடு சந்தையில் நிற்கச் சொன்னது போல மாறிப்போயிருந்தது. அவனுடைய நிலவறையில் மூன்று பேரும் துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தின் மேல் ஒரு பாலிதீன் விரிப்பு. விரிப்பின் மேல் நாலு ட்ராக் ரெக்கார்டர், சூட்கேஸ் மூடி அளவுக்கு. சாதாரண கேசட்தான் உள்ளே ஓடும். ஒரு ட்ராக்கில் கிட்டாரை ஏற்றிவிட்டு, ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் அக்கார்டியன், அதற்கடுத்ததில் குரல். ஒரே ஆள் நாலு ஆளாகலாம். எந்த ட்ராக்கை எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பதற்கு மேலும் கீழும் தள்ளுகிற நாலு குமிழ்கள். அதில் மூன்றாவது குமிழை, குரலுக்கானதை, கென் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றான்.

ரோண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது.

மூன்று மணிக்கு ஏரியில் ஆள் இறங்கப்போகிறது.

செவ்வாய்க்கிழமை ராய் பெட்ரிச் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனான். இரும்புச் சாமான் கடையில் ஆணியும் திருகும் எடை போட்டுக் கொடுப்பவன், வயது நாற்பத்து நாலு. சாயங்காலம் வீடு திரும்பவில்லை. கரையில் அவன் டிரக் நின்றது. ஐஸ் மேல் முக்காலி, தெர்மாஸ், ஒரு ஜோடி கையுறை. மார்ச் மாதத்துச் சூட்டுக்காற்றில் பக்கத்திலேயே ஐஸ் புதிதாக வாய் பிளந்து கிடந்தது. ஊர் அந்தப் பிளவைப் பார்த்தது, கையுறையைப் பார்த்தது, கணக்கை முடித்துவிட்டது. இன்று சனிக்கிழமை. மாநிலத்திலிருந்து முக்குளிப்பவர்கள் வந்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு ஐஸை ரம்பத்தால் அறுத்து இறங்குவார்கள். அவர்களுடைய கயிற்றைப் பிடிக்கப்போவது ஊர்த் தன்னார்வ மீட்புப் படை. கயிற்றின் முன்வரிசை ஆள் ஆர்னி கோஸ்கி, சுரங்க லாரி மெக்கானிக், வயது ஐம்பத்தெட்டு, இடது முழங்கால் பாதி எஃகு. ரோண்டாவின் அப்பா.

"ஐஸ் உருகிக் கறுத்துப் போச்சு," என்றார் நேற்று இரவு, சூப்பைப் பார்த்துக்கொண்டே. "மேல நாப்பது பேர் நிக்கக் கூடாதுதான். அதுக்காக ராயை அங்கயே விட்டுட முடியுமா?"

அவள் ஷெரீஃபிடம் ஓடினாள். ராய் ஏரியிலேயே இல்லை என்று தோன்றுவதாகச் சொன்னாள். ஷெரீஃப் பல்லைக் குத்திக்கொண்டே, "தோணுறதைக் கொண்டு வராதே, ரோண்டா. ராயைக் கொண்டு வா. அந்த நிமிஷமே நிறுத்துறேன்," என்றார்.

கென்னிடம் வந்ததற்கும் காரணம் அந்தக் குணம்தான். அவளை வேலைக்கு வைத்தது ராயின் மனைவி டார்லீன். வைத்தபோதே கறுப்புக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டுல தேடு, துலூத் டவுன்ல தேடு. கென்னை மட்டும் தொந்தரவு பண்ணாதே, பாவம், உடைஞ்சு போயிருக்கான்," என்று சொல்லியிருந்தாள்.

உடைந்து போனவன் நன்றாகத்தான் இருந்தான். கன்னத்தில் ஜாம் இருந்தது.

கென்னும் ராயும் ஒன்பது வருடமாக 'ஈரக் கையுறைகள்' என்று இரண்டு பேர் பேண்டு நடத்துகிறார்கள். இதுவரை ஒரு ஆல்பம்கூட முடிந்ததில்லை. செவ்வாயிலிருந்து தான் தன்னந்தனியாக உட்கார்ந்து ராயின் நினைவாக ஒரு பாட்டு ரெக்கார்டு செய்வதாகவும், நாளைக்கு சர்ச் விருந்தில் அதைப் போடப்போவதாகவும் கென் சொன்னான். பாட்டின் பெயர் 'தெர்மாஸ் இன்னும் சூடா இருக்கு'.

"தன்னந்தனியா?" என்று ரோண்டா அப்போதே கேட்டாள்.

"துக்கத்துல இருக்கிறவனுக்குக் கூட்டு எதுக்கு?"

இப்போது அவள் கையை நீட்டினாள். "கென், கையை எடுங்க. இல்லைன்னா நான் எடுப்பேன்."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். குரல்ல என்ன இருக்கு? எல்லாம் அழுகை. அக்கார்டியனைக் கேளுங்களேன். அக்கார்டியன் பிரமாதமா வந்திருக்கு." அவன் அவசர அவசரமாக மற்ற குமிழ்களைக் கீழே இழுத்து, இரண்டாவதை மட்டும் மேலே தள்ளினான். "நல்லாக் கேளுங்க. எவ்ளோ நேரம் வேணாக் கேளுங்க."

மார்வ் ஒரு கண்ணைத் திறந்தான். "தப்பிச்சோம்," என்றான் ரோண்டாவின் காதில்.

அக்கார்டியன் ஓடியது. மூச்சு வாங்கும் கிழட்டு மாடு போல, மூன்று தட்டுத் தாளத்தில் ஒரு வால்ட்ஸ். முப்பது நொடி வரை ஒன்றுமில்லை. பிறகு அதற்குப் பின்னால், மெல்லிசாக, வேறொரு சத்தம்.

தட தட தட தட.

"வாஷிங் மெஷினா?" என்றாள் ரோண்டா.

"அது... ஹெலிகாப்டர்," என்றான் கென் சோகமாக. "ராயைத் தேடி வந்ததே, வியாழக்கிழமை. ஒரே தடவைதான் வந்தது, அதுவும் நான் நல்லா வாசிச்ச டேக்குல."

சத்தம் வளர்ந்தது. ஹெலிகாப்டர் வீட்டின் மேலேயே வந்துவிட்டது. அக்கார்டியன் அதைச் சட்டை செய்யாமல் மேலே ஏறியது. சட்டென்று ஒரு சின்ன 'டிக்'. ஹெலிகாப்டர் காணாமல் போனது. தேய்ந்து மறையவில்லை. நடுவானில், உச்சத் தடதடப்பில், யாரோ அதைப் பிடுங்கி எடுத்தது போல. அக்கார்டியன் மட்டும் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் ரோண்டா. "ஹெலிகாப்டர் எங்கே?"

கென் டேப்பை நிறுத்தினான்.

மார்வ்தான் சொன்னான். "அது ஒண்ணும் மாயமில்ல பாஸ். எந்த இடத்துல கெட்டுப்போச்சோ அதுக்கு முன்னாலேர்ந்து டேப்பை ஓட விடுவாங்க. கூடவே வாசிச்சுக்கிட்டு வருவாங்க. சரியான இடம் வரும்போது சிவப்புப் பட்டனை அமுக்கினா, அங்கேர்ந்து பழசு அழிஞ்சு புதுசு ஏறும். பஞ்ச் போடுறதுன்னு சொல்வோம். எல்லாரும் பண்றதுதான்."

"கூடவே வாசிச்சுக்கிட்டு வரும்போதே அமுக்கணுமா?"

"ஓடுற ரயில்ல ஏறுற மாதிரி."

"அக்கார்டியனுக்கு எத்தனை கை வேணும்?"

மார்வ் மெதுவாகச் சிரித்தான். "ரெண்டு. ஒண்ணு கட்டைக்கு, ஒண்ணு துருத்திக்கு."

"அப்ப பட்டனை அமுக்கினது யாரோட கை?"

மூலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மட்டும் உறுமியது.

"கால்," என்றான் கென். "காலால அமுக்கினேன்."

"மிதிக்கிற பெடல் இருக்கா?"

"பெடல் இல்ல. வெறும் கால். கட்டைவிரலால."

ரோண்டா துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தாள். ரெக்கார்டர் அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. "காட்டுங்க," என்றாள்.

இதற்குப் பிறகு நடந்ததை மார்வ் பல வருடம் பௌலிங் கூடத்தில் நடித்துக் காட்டினான். கென் ரான்டா இருநூற்று நாற்பது பவுண்டு எடையோடு, இருபது பவுண்டு அக்கார்டியனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வலது சாக்ஸைக் கழற்றினான். வால்ட்ஸை வாசிக்க ஆரம்பித்தான். வாசித்துக்கொண்டே காலைத் தூக்கினான். கால் இயந்திரத்தின் கதவு வரை வந்தது. இன்னும் ஒரு தம் பிடித்தான். அதற்கு மேல் கால் ஏறவில்லை, முகம்தான் சிவந்து ஏறியது. அக்கார்டியன் ஒரு பக்கமாக இழுபட்டு, வாத்தை மிதித்தது போல ஒரு ஓலம் எழுப்பியது. அவன் மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து அழுக்குத் துணிக்கூடைக்குள் உட்கார்ந்தான்.

"வியாழக்கிழமை உடம்பு வளைஞ்சுது," என்றான் கூடைக்குள்ளிருந்து.

"மார்வ், அந்த இடத்தைத் திரும்பப் போடுய்யா."

மார்வ் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டான். தட தட தட, டிக், சுத்தம். இன்னொரு தடவை. அவன் நெற்றி சுருங்கியது. விரலால் இயந்திரத்தின் விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டே மூன்றாவது தடவை கேட்டான்.

"என்ன?" என்றாள் ரோண்டா.

"லேட்டு."

"எது?"

"பஞ்ச். தட்டு விழுற அதே நொடியில விழணும். இது அரைத் தட்டு கழிச்சு விழுது. ஹெலிகாப்டர் அரைத் தட்டு அதிகமா வாழ்ந்திருக்கு." அவன் டேப்பை முன்னால் ஓட்டினான். இன்னொரு டிக். அதுவும் அரைத் தட்டு பின்னால். இன்னொன்று, அதே அளவு. மார்வ் நிமிர்ந்தபோது அவன் குரலில் கிண்டல் காணாமல் போயிருந்தது. "பாஸ், மனுஷனுக்குத் தப்பு வரும். ஒரு தடவை முன்னால, ஒரு தடவை பின்னால. தப்பைக்கூட ஸ்கேல் வெச்சு அளந்த மாதிரி எப்பவும் அரைத் தட்டு பின்னால பண்ற ஆள் இந்த ஜில்லாவுலயே ஒருத்தன்தான். என் ஆறாவது பேண்டுல டாம்பரின் ஆட்டிக்கிட்டு நின்னான். அவனாலதான் நான் ஏழாவது பேண்டுக்குப் போனேன்."

"பேரு?"

"ராய் பெட்ரிச்."

துணிக்கூடைக்குள் கென் இன்னும் ஆழமாகப் போக முயன்றான்.

ராய் வியாழக்கிழமை இந்த அறையில் நின்று பட்டனை அமுக்கியிருக்கிறான். தன்னைத் தேடுகிற ஹெலிகாப்டரை, தன் பாட்டைக் கெடுக்கிறதென்று அழித்திருக்கிறான். இரண்டு நாளுக்குள் அவன் எங்கே போயிருப்பான்? அவள் சுற்றிப் பார்த்தாள். ஃபர்னஸ். பழைய ஸ்கீ கட்டைகள். ஊறுகாய் பாட்டில்கள். சுவரோரமாக, விறகு மூட்டி நீராவியில் வேர்த்துக் குளிக்கிற சவுனா அறையின் மரக்கதவு. அந்த ஊரில் சவுனா அறை இல்லாத ஃபின்லாந்துக்காரன் வீடு கிடையாது, அதனால் யாரும் அதைக் கண்டுகொள்வதும் கிடையாது. ஆனால் சனிக்கிழமை மத்தியானம், ஊரே சவுனாவுக்கு விறகு அடுக்கும் நேரத்தில், இந்தக் கதவு சில்லென்று இருந்தது. கதவின் அடியில் ஒரு கறுப்பு வயர் உள்ளே போயிற்று.

அவள் உதட்டில் விரலை வைத்து மார்வுக்குக் காட்டினாள். பிறகு உரத்த குரலில், "சரி, கென். முழுப் பாட்டையும் ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்புறோம். நாலாவது ட்ராக் ஏன் காலியா இருக்கு?" என்றாள்.

"அது டாம்பரினுக்கு," என்று சொல்லிவிட்டுக் கென் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப மார்வ் கை தட்டட்டும்."

பாட்டு ஆரம்பித்தது. கிட்டார், அக்கார்டியன், கென்னின் குரல். குரலைப் பற்றி மார்வ் எச்சரித்தது நியாயம்தான். மற்ற இரண்டும் தாங்கிப் பிடித்தும் அது நொண்டியது. கடையில் ஆணி எடை போட்டவன் இன்று ஆழத்தில் மீனை எடை போடுகிறான் என்றது பல்லவி. மார்வ் கை தட்டினான், கல்லில் செதுக்கியது போல. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று.

முதல் சரணம் வரை சவுனாவில் சத்தமில்லை. இரண்டாவது பல்லவியில் மார்வ் ஒவ்வொரு மூன்றாவது தட்டையும் கொஞ்சம் ஓங்கி, கொஞ்சம் ஆசையாக, கூப்பிடுகிற மாதிரித் தட்டினான்.

தட்.

மரப் பலகையில் குதிகால். அரைத் தட்டு பின்னால்.

தட். தட்.

ரோண்டா நாலே எட்டில் போய்க் கதவைத் திறந்தாள்.

மேல் பலகையில், தலையணையும் போர்வையும் அண்டை வீட்டுப் பேப்பரும் சூழ, ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ராய் பெட்ரிச் உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் தாடி. கென்னுடைய ஸ்வெட்டர் இரண்டு ராய்க்குப் போதும் போலத் தொங்கியது. கையில் சின்ன ஜால்ராக்கள் கோத்த டாம்பரின்.

"அது நாலாவது தட்டுலதான வரணும்?" என்றான் மார்வைப் பார்த்து.

"வால்ட்ஸுல நாலாவது தட்டே கிடையாது, ராய்," என்றான் மார்வ். "அன்னிக்கே சொன்னேன்."

"மிஸ்டர் பெட்ரிச்," என்றாள் ரோண்டா. "நீங்க செத்துட்டீங்க, தெரியுமா?"

"தெரியும். ரேடியோவுல சொன்னாங்க. ரொம்ப நல்லாச் சொன்னாங்க." அவன் இறங்கி வந்தான். "நான் ஏமாத்தணும்னு எதுவும் பண்ணலை. மீன் பிடிச்சுக்கிட்டிருந்தேன், ஒரு மெட்டு வந்துது. மறந்துடுவேனேன்னு பயந்து நேரா ஐஸ் மேலயே நடந்து இங்க வந்துட்டேன். எதிர்க்கரைதானே. கையுறையை எடுக்கக்கூடத் தோணலை. மெட்டை ஏத்தினோம். அதுக்கு ஒரு சரணம் வந்துது. அப்புறம் இன்னொரு பாட்டு. நிமிர்ந்து பாத்தா புதன்கிழமை, ஊரே ஏரியில நிக்குது."

"நிமிர்ந்து பாத்தீங்கள்ல? வெளிய வர வேண்டியதுதானே? தெர்மாஸ் பாட்டு யாரு எழுதினது?"

"நான்தான். எனக்காக வேற யாரு இவ்ளோ நல்லா எழுதுவாங்க?" அவன் கென்னைப் பார்த்தான், கென் கூரையைப் பார்த்தான். "புதன்கிழமை காலையிலேயே ஃபோன் பண்ணினேன், ரோண்டா. சத்தியமா. உயிரோட இருக்கேன், இதோ வர்றேன்னு சொன்னேன்."

"யாருகிட்ட?"

மேலே பின்கதவு திறக்கும் சத்தம். அந்த வீட்டுக்குப் பழகிய கால்கள் சமையலறையைக் கடந்து படியில் இறங்கின.

"ராய், இன்னிக்கும் காளான் ஹாட்டிஷ்தான், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. துக்கம் விசாரிக்க வர்ற பொம்பளைங்க எல்லாம் காளானையே போட்டுக் கொண்டு வந்து..."

கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, கையில், அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் ஆவி பறக்கும் கண்ணாடித் தட்டு. டார்லீன் பெட்ரிச் கடைசிப் படியில் நின்றாள். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டை நிதானமாகத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, "நீ துலூத்துக்குப் போயிருக்கணும்," என்றாள் ரோண்டாவிடம்.

ரோண்டா தட்டைப் பார்த்தாள், ராயைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். "புதன்கிழமையிலேர்ந்து."

"நான்தான் வராதேன்னு சொன்னேன்." டார்லீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். வெட்கமோ பயமோ அவளிடம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பத்தொன்பது வருஷம், ரோண்டா. என் வீட்டு முன்னால மூணு படி, நாலாவது படி கிடையாது, எல்லாரும் குதிச்சுதான் இறங்கணும். குளியலறைக்குக் கதவு இல்ல, போர்வை தொங்குது. கொட்டகையில பாதிப் படகு ஒண்ணு பன்னெண்டு வருஷமா என்னைப் பாத்துக்கிட்டிருக்கு. இந்த மனுஷன் எதையுமே முடிச்சதில்ல. செத்துப்போன அஞ்சு நாள்ல ஏழு பாட்டு முடிச்சிருக்கான். ஏழு. நான் கேட்டேன், ஒவ்வொண்ணுக்கும் முடிவு இருக்கு. எட்டாவதும் முடியட்டும், அதுவரைக்கும் செத்தே இருன்னு சொன்னேன். தப்பா?"

"அப்ப என்னை எதுக்கு வேலைக்கு வெச்சீங்க?"

டார்லீன் பொய் சொல்லத் தெரிந்தவள்தான். ஆனால் சோம்பலாக இருந்திருக்க வேண்டும்.

"புருஷனைக் காணோம், ஆள் வெச்சுத் தேடலையான்னு ஊர்ல கேட்டாங்க. நீ இதுவரைக்கும் கண்டுபிடிச்சது ரெண்டு நாய், ஒரு படகு மோட்டார். அதுல ஒரு நாய் தானா வீட்டுக்கு வந்துது."

"ரெண்டும் தானாத்தான் வந்துது," என்றான் மார்வ். ரோண்டா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

கண்டுபிடிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். நாலு வருடம் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவிப் படித்த படிப்புக்கு இந்த ஊர் கொடுத்த மதிப்பு அது. ரோண்டா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு இருபது.

"மூணு மணிக்கு ஐஸை அறுக்குறாங்க," என்றாள். "நாப்பது பேர் மேல நிக்கிறாங்க. ஐஸ் கறுத்துப் போச்சு. கயித்துல முன்னால நிக்கிறது எங்கப்பா. மிஸ்டர் பெட்ரிச், கோட்டை மாட்டுங்க."

ராய் டாம்பரினைப் பார்த்தான். "இது ஒண்ணுதான் பாக்கி. நாலு நிமிஷப் பாட்டு."

"உன் நாலு நிமிஷம் எனக்குத் தெரியும்," என்றான் மார்வ். "ஈஸ்டர் வந்துடும்."

"நாளைக்கு விருந்து முடிஞ்சதும் நானே ஷெரீஃப்கிட்ட சொல்லிடுறேன்," என்றாள் டார்லீன். "ஆர்னிக்கு ஐஸைப் பத்தித் தெரியாதா? முப்பது வருஷமா நடக்கிறவர்."

"இப்ப வெளிய வந்தா அடிச்சே கொன்னுடுவாங்க," என்றான் ராய். "அஞ்சு நாளா எனக்காகக் குளிர்ல நிக்கிறாங்க. அவங்க முகத்தை நான் எப்படிப் பாப்பேன், சொல்லு. நீயே போய்ச் சொல்லேன், ரோண்டா. நான் இங்க இருக்கேன்னு சொல்லு. மார்வும் பாத்தான்ல."

"ட்ரம்மர் சாட்சி இந்த மாநிலத்துல செல்லாது," என்றான் மார்வ்.

"ஷெரீஃப் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணலாமே," என்றான் கென், கூடையிலிருந்து.

"ஆபீஸ்ல யாரு இருக்கா? மொத்தப் பேரும் ஐஸ் மேல," என்றாள் ரோண்டா.

ராய் அதற்குள் சவுனாவின் மேல் பலகையில் மறுபடியும் ஏறி உட்கார்ந்திருந்தான். காலை மடக்கிக்கொண்டான். இழுத்துக்கொண்டு போவதென்றால் போகலாம், ஆனால் ஆறடி மனிதன், கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் மார்வும் அவளும் சேர்ந்து அசைக்க முடியாது. கென்னை நம்ப முடியாது. டார்லீன் ஹாட்டிஷில் கரண்டியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

நிலவறையின் சின்ன ஜன்னல் வழியாக, தரை மட்டத்தில், ஏரி தெரிந்தது. வெள்ளையில் ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாக நகர்ந்தன. ரம்பத்தை யாரோ ஓட்டிப் பார்த்தார்கள். கிர்ர்ரென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

ரோண்டா சுவரிலிருந்து ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஹெட்ஃபோன் வயரை உருவினாள். மைக் வயரை உருவினாள். கேசட் உள்ளேயே இருக்கிறதா என்று ஒருமுறை மூடியைத் தட்டிப் பார்த்தாள். வயரைச் சுற்றி, ரெக்கார்டரைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

பலகை மேல் ராய் எழுந்து நின்றுவிட்டான். தலை கூரையில் இடித்தது அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. "ரோண்டா, அதைக் கீழே வை," என்றான். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "எட்டுப் பாட்டும் அந்த ஒரே கேசட்டுல இருக்கு. வேற காப்பி கிடையாது."

"தெரியும்."

"நீ என்ன பண்ணப் போறே?"

"மூணு மணிக்கு அந்த ஏரியில ஏதாவது ஒண்ணு இறங்கத்தான் போவுது," என்றாள். "ஆளுங்களா, இந்தக் கேசட்டான்னு நீங்க யோசிச்சுக்கிட்டு இருங்க. நான் யோசிச்சு முடிச்சுட்டேன்."

"உன்னால அதைச் செய்ய முடியாது," என்றாள் டார்லீன். முதல் தடவையாக அவள் கரண்டி நின்றது. "ஏழு பாட்டும்மா. முடிஞ்ச பாட்டு."

ரோண்டா அவளைத் தாண்டிப் படி ஏறினாள். மார்வ் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஹாட்டிஷின் ஓரத்தில் இரண்டு உருளைக்கிழங்கு உருண்டையைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே வந்தான். சமையலறை. பின்வாசல். சேறும் பனியும் கலந்து கணுக்கால் வரை இழுத்தது. ரெக்கார்டர் பத்துப் பவுண்டுக்குக் குறையாது. இடுப்பில் மாற்றி இடுக்கிக்கொண்டாள். ஏரியில் வரிசையின் முன்னால் ஒரு சிவப்புத் தொப்பி கொஞ்சம் நொண்டி நொண்டிப் பிளவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கரையில் மீட்புப் படை டிரக்குகள் நிற்கும் இடத்தைப் பார்த்து இறங்கினாள்.

அந்த ஊரில் மார்ச் மாதத்தில் யாரும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டார்கள், வீட்டுச் சூடெல்லாம் போய்விடும். ரோண்டா கோஸ்கி அகலத் திறந்து போட்டுவிட்டுப் போனாள். கேசட்டைத் துரத்திக் காலில் சாக்ஸோடு ஓடி வரப்போகும் ராய்க்குக் கதவு ஒரு தடையாக இருக்கக் கூடாதே.